இரண்டு பேருக்கும் சொந்தமான சுவர்

முதலில் என் கணக்கில்தான் பிழை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, பிழை என்னுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் சரி.

பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடுவது எங்கள் அலுவலகத்தின் வேலை. நகராட்சி அந்தத் தெருவைப் பாதுகாக்க வேண்டிய பகுதி என்று அறிவித்ததும் வீடு வீடாக ஏறி இறங்கி அளந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் படம். எல்லாம் முடிந்த பிறகு படங்களைக் கம்ப்யூட்டரில் அருகருகே சேர்த்துத் தெரு முழுவதையும் ஒரே படமாக்க வேண்டும். அந்தத் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி கிடையாது. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகள். நடுவில் ஒரே ஒரு சுவர், அதன் இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொன்று.

அன்று மத்தியானம் நான் சேர்த்துக்கொண்டிருந்தது விசில் சார் வீட்டையும் அவருக்குப் பக்கத்திலிருக்கும் டெய்லர் வீட்டையும்.

விசில் சார் வீட்டு முன்னறையில், உள்ளே நுழைந்தால் இடது கைப் பக்கம், சுவரைக் குடைந்து ஓர் அலமாரி செய்திருந்தார்கள். டெய்லர் வீட்டு முன்னறையில் வலது கைப் பக்கம் அதே மாதிரி இன்னொன்று. தனித்தனிப் படத்தில் இரண்டும் சாதுவாக இருந்தன. சேர்த்து வைத்ததும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் மிச்சமிருந்த சுவர் என் உள்ளங்கை அகலம்கூட இல்லை.

அந்தச் சுவரின் மேல்தான் இரண்டு வீட்டு மாடித் தரைகளையும் தாங்கும் உத்திரங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. விசில் சார் வீட்டு மாடிக் கூடத்தில்தான், வருகிற ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டாரும் அவர் வீட்டாரும் கூடி என் கல்யாணத்தைப் பேசி முடிப்பதாக இருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். வெளியே தெருவில் எடுத்த அளவிலிருந்து உள்ளே அறைகளின் அளவைக் கழித்தேன். ஒருவேளை அங்கே இரண்டு சுவர்கள் ஒட்டி நிற்கலாமே என்று ஒரு நப்பாசை. இல்லை. ஒற்றைச் சுவர்தான். இரண்டே கால் அடி. யானை மாதிரி சுவர் என்று விசில் சார் தட்டிக் காட்டிப் பெருமைப்பட்ட அதே சுவர்.

எங்கள் எஞ்சினியர் மேடம் வேறொரு கட்டடத்தில் இருந்தார். போனில் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. போய் இரண்டு பக்கமும் இன்னொரு தரம் அளக்கச் சொன்னார். அளவு அப்படியே இருந்தால் இரண்டு வீட்டு மாடியிலும் ஒருத்தரும் இருக்கக்கூடாது என்றார். சாயங்காலத்துக்குள் இரும்பு முட்டுகளோடு தான் வந்துவிடுவதாகவும் சொன்னார்.

"முதல்ல ஆளுங்களைக் கீழ இறக்கு. பேச்சு வார்த்தை எல்லாம் அப்புறம்."

சொல்வதற்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

விசில் சார் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். வீட்டை அளக்கப் போன இடத்தில், டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவனைக் கூப்பிட்டேன். பிடித்தவன் விடவில்லை என்று என் அக்கா இன்னமும் கேலி செய்கிறாள். அவன் அம்மாவுக்கு என்னை முதல் நாளே பிடித்துவிட்டது. அத்தை என்றே கூப்பிடச் சொல்லிவிட்டார். அவன் அப்பாதான் இழுத்தடித்தார். இந்தப் பெண்ணின் கண் மனுஷனைப் பார்ப்பதே இல்லை, சுவரில் எங்கே விரிசல் என்றுதான் பார்க்கிறது, நாளைக்கு நம் குடும்பத்தையும் அப்படித்தான் பார்க்கும் என்பது அவர் வாதம். பல மாதம் கழித்து இறங்கி வந்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பேச்சு தன் மாடிக் கூடத்தில்தான் நடக்க வேண்டும். வீடு எப்படிப்பட்டது என்று பெண் வீட்டார் பார்க்கட்டும். நான் அவரை இன்னும் சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்தத் தெருவின் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் அதன் அழகு புரியும். மேலோட்டமாக எல்லா வீடும் ஒரே மாதிரிதான். இரண்டு படி, உயரமான கதவு, கதவுக்கு மேல் அரைவட்ட வளைவு, மாடியில் மூன்று சன்னல். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் வலது கோடியிலிருந்து வரும் வீடுகளின் வளைவுகளில் உச்சிக்கல் முக்கோணமாக இருப்பது தெரியும். இடது கோடியிலிருந்து வரும் வளைவுகளில் அதே கல் உருண்டையாக இருக்கும். செங்கலின் அளவும் லேசாக மாறும். இரண்டு கொத்தனார் கூட்டங்கள் இரண்டு கோடியிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்திருக்கின்றன. முதல் வீட்டைக் கட்டியவன் தன் இரண்டு பக்கச் சுவரையும் எழுப்பினான். அடுத்தவன் அவன் சுவரில் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு மறுபக்கச் சுவரை மட்டும் கட்டினான். அதற்கடுத்தவனும் அப்படியே. ஆகவே அந்தத் தெருவில் கோடி வீடுகளைத் தவிர யாருக்கும் ஒரு சுவர்தான் சொந்தம்.

வலது கோடிக்காரர்களிடம் கேட்டால், உள்ளே நுழையும்போது இடது கைப் பக்கம் வருவது நம் சுவர், அதில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், வலது பக்கம் ஆணி அடிப்பதென்றால்கூடப் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். இடது கோடிக்காரர்களும் இதையே சொல்வார்கள், கை மட்டும் மாறும். அவர்களுக்கு வலது கைச் சுவர் சொந்தம். எல்லோரும் தலைமுறை தலைமுறையாக இதை மீறாமல் நடந்து வந்திருக்கிறார்கள். நானும் அவனும் முதன்முதலாக வேலையைத் தாண்டிப் பேசியது இதைப் பற்றித்தான். முக்கோணக் கல் முடிந்து உருண்டைக் கல் தொடங்கும் இடத்தை நான் அவனுக்குக் காட்டினேன். அவன் வீட்டுக்கும் டெய்லர் வீட்டுக்கும் நடுவில்தான் அது. தினமும் பார்க்கும் வாசலை அன்றுதான் பார்ப்பதாகச் சொன்னான்.

இப்போது அதே இடத்தில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. இரண்டு வரிசையும் சந்திக்கும் அந்தச் சுவர் விசில் சாருக்கு இடது கை. டெய்லருக்கு வலது கை. இருவர் வழக்கப்படியும் அது இருவருக்கும் சொந்தம். இவர் தன் சுவர்தானே என்று குடைந்தார். அவரும் தன் சுவர்தானே என்று குடைந்தார். தெரு முழுக்க இந்தத் தப்பு நடக்க வாய்ப்புள்ள ஒரே சுவர் அதுதான். அதை அழகு என்று மட்டும் குறித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே கால் வைத்ததும் தலைக்கு மேல் கரகரவென்று ஏதோ இழுபடும் சத்தம். அத்தை சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாம்மா. உன் மாமனார் ஞாயித்துக்கிழமைக்கு இப்பவே நாற்காலி போட்டுப் பாக்குறார். வாடகைக் கடைக்காரன் வண்டியோட வந்து இறக்கிட்டுப் போயிட்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

எவ்வளவு நாற்காலி என்று கேட்டேன். உன் வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வருவார்கள் என்று நீதானே சொன்னாய் என்றார். சொன்னது உண்மைதான். அப்பாவுக்குத் தங்கைகள் அதிகம், ஒருத்தரை விட்டுவிட்டு ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வர முடியாது.

படத்தில் ஒரு அளவு சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லி அலமாரியை அளந்தேன். முழுக்க விசில் சாரின் மாணவர்கள் வாங்கிய கோப்பைகள். அவற்றை நகர்த்தி, டேப்பை முதுகுச் சுவர் வரை தள்ளினேன். ஒரு அடி. படத்தில் இருந்த அதே ஒரு அடி. கையை வெளியே எடுத்தபோது விரலெல்லாம் சிவப்பாக இருந்தது.

"அது தினமும் கொட்டும். காலையில துடைப்பேன், சாயங்காலம் மறுபடி இருக்கும். எறும்பு மண்ணு தள்ளுதுன்னு மருந்துகூடப் போட்டாச்சு."

அது செங்கல் பொடி. நான் சொல்லவில்லை. தலைக்கு மேல் இன்னொரு நாற்காலி நகர்ந்தது. கோப்பைகளில் ஒன்று மெல்லிசாக அதிர்ந்து அடங்கியது. அத்தையைக் கொல்லைப் பக்கம் போகச் சொல்ல ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. கடைக்குப் போன் செய்து அவனை உடனே வரச் சொன்னேன்.

வந்தான். வாசல்படியில் வைத்தே விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் மாறியது. ஆனால் அவன் முதலில் சொன்னது வேறு.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்காதா? அன்னைக்கு மட்டும் முடிஞ்சிட்டா அப்புறம் அப்பாகிட்ட நானே சொல்றேன். இப்ப சொன்னா, நீ வேணும்னே குறை கண்டுபிடிச்சேன்னுதான் அவர் எடுத்துப்பார். எல்லாம் போயிடும்."

தாங்கலாம், தாங்காமலும் போகலாம், எனக்குத் தெரியாது என்றேன். தெரியாததுதான் பயம் என்றேன். அவன் மேலே பார்த்தான். நானும் பார்த்தேன். அவனைத் திட்ட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அலுவலகத்திலிருந்து வரும் வழியெல்லாம் எனக்கும் அதே ஞாயிற்றுக்கிழமைக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றே மூன்று நாள், யாருக்கும் சொல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

நான் டெய்லர் வீட்டில் ஒரு தரம் அளந்துவிட்டு வருகிறேன், அதற்குள் என்ன பொய் சொல்லியாவது அப்பாவை மாடியிலிருந்து இறக்கு என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

டெய்லரும் விசில் சாரும் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிறது. கடைவீதியில் இருந்த தையல் கடையை டெய்லர் வீட்டுக்கே மாற்றிக்கொண்டு வந்த நாளிலிருந்து மிஷின் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று இவர் புகார் செய்தார். இவர் போடும் டிவி சத்தத்தில் தனக்குக் காஜா எடுக்கக் கை ஓடவில்லை என்று அவர் புகார் செய்தார். இரண்டு பேரும் மாறி மாறி நகராட்சிக்கு எழுதிப் போட்டு, வந்தவர்களும் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

டெய்லர் மிஷினில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், பக்கத்து வீட்டு மருமகள் வந்துவிட்டாள், ரவிக்கை தைக்கவா, என் வீட்டை இடிக்கவா என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து மிஷினை நிறுத்தினார். அலமாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். அதில் துணிக் கட்டுகள் தரையிலிருந்து மேல் பலகை வரை அடுக்கியிருந்தன. எதற்கு என்று கேட்காமல் எழுந்து ஒவ்வொன்றாக எடுத்து வெட்டு மேசையில் போட்டார். இதை எப்போது குடைந்தீர்கள் என்று கேட்டேன். கடையை இங்கே மாற்றும்போது என்றார். யாரையாவது கேட்டீர்களா என்றேன்.

"என் சுவரைக் குடைய நான் யாரைம்மா கேக்கணும்? வலது கைச் சுவர் எங்களுது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மகளும் கைக்குழந்தையும் தூங்குகிறார்கள் என்றார்.

கடைசிக் கட்டையும் எடுத்தபோதுதான் அது கேட்டது. அலமாரிக்குள்ளிருந்து, யாரோ அந்த அறையிலேயே நின்று பேசுகிற மாதிரி, விசில் சாரின் குரல்.

"அவளா சொன்னா? சொல்லுவா. வந்த நாள்லேர்ந்து அவ கண்ணு இந்த வீட்டுல எங்க ஓட்டைன்னுதான் பாக்குது. அவங்க வீட்டுக்குப் போன் பண்ணி ஞாயித்துக்கிழமை வரவேண்டாம்னு சொல்லிடு."

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான், மறந்து தொலைத்திருந்தேன். நேராக உண்மையையே சொல்லியிருக்கிறான்.

டெய்லர் என் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்கோலை எடுத்து இல்லாத நூலை வெட்டினார். "தினமும் இப்படித்தாம்மா கேக்கும். அந்த மனுஷனுக்குத் தொண்டையே அப்படின்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பேசினான். நான் காதைக் கூர்மையாக்க வேண்டியிருக்கவில்லை.

"கல்யாணம் வேண்டாம்னா வேண்டாம்பா. நான் எதுவும் கேக்கல. நீங்க மறுபடி மாடி ஏறாதீங்க, அது போதும்."

அந்த ஒரு நிமிஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்ற சொல் நெஞ்சில் குத்தியது. அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்காதா என்று கேட்டவன் அதற்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்றும் தோன்றியது. கண் கலங்கியது. அழ அவகாசமில்லை. விசில் சார் சிரித்தார். நூறு வருஷம் நின்ற சுவர் ஒரு டேப்பைப் பார்த்துப் பயந்து விழுந்துவிடுமா என்றார். பேசிக்கொண்டே அவர் செருப்புச் சத்தம் நகர்ந்தது. படிக்கட்டுப் பக்கம்.

தலையை அலமாரிக்குள் நீட்டினேன். சுண்ணாம்பு வாசனையும் புதுத்துணி வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது.

"மாமா, ஏறாதீங்க."

செருப்புச் சத்தம் நின்றது.

"யாரு?"

"நான்தான்."

"எங்க இருக்கே?"

"டெய்லர் வீட்டுல. அலமாரிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறேன்."

நான் கத்தவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற குரலில்தான் பேசினேன். கத்தியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பக்கம் கோப்பைகளை யாரோ ஒதுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் மூச்சு. அவ்வளவு பக்கத்தில்.

"இது நீ மெல்லப் பேசுறதா?"

ஆமாம் என்றேன். விரல் முட்டியால் அவர் ஒரு தட்டுத் தட்டினார். இந்தப் பக்கம் பூச்சு பெயர்ந்து என் மணிக்கட்டில் விழுந்தது. தட்டாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவரே நிறுத்திவிட்டார். உதிர்ந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

 பிறகு வருஷக்கணக்காக அந்த வீட்டில் உச்சரிக்கப்படாத பெயரை அவர் உச்சரித்தார்.

"டெய்லர் இருக்காரா?"

டெய்லர் என்னைப் பார்த்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு அவரும் தலையை உள்ளே நீட்டினார்.

"இருக்கேன்."

"உங்க பக்கம் ஆழம் எவ்வளவு?"

டெய்லர் அளந்து பார்த்தார். பன்னிரண்டு இஞ்ச் என்றார்.

"நம்ம பக்கமும் ஒரு அடிதான். ஏம்மா, மொத்தச் சுவர் எவ்வளவு?"

"ரெண்டே கால் அடி மாமா."

இரண்டு பக்கமும் மனக்கணக்கு ஓடியது. ஒருத்தர் வாழ்நாளெல்லாம் மைதானம் அளந்தவர், இன்னொருத்தர் உடம்பு அளந்தவர். மூன்று இஞ்ச் என்பது எவ்வளவு என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உங்க மாடியில யாரு?" என்றார் விசில் சார். குரல் தேய்ந்திருந்தது.

"மக இருக்கா. கொழந்தையோட."

"இறக்குய்யா."

டெய்லர் மாடிப்படியை நோக்கி ஓடினார். அவர் கனமான ஆள். நான் போகிறேன் என்று சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. படியின் அடியில் நின்றுகொண்டு, அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் என் பல்லைக் கடித்துக்கொண்டு, அலமாரியின் மேல் பலகையையே பார்த்தேன். மேலே கதவு திறந்தது. அவர் ஏதோ சொன்னார். தூக்கக் கலக்கத்தில் மகள் என்னவென்று கேட்டாள், என்ன அவசரம் என்றாள், குழந்தையின் பால் பாட்டிலைத் தேடினாள். பாட்டிலை விட்டுவிட்டு வா என்று கீழே இருந்து நான் சொன்னது எவ்வளவு உரக்க என்று தெரியவில்லை, குழந்தை வீரிட்டு அழுதது. அந்த அழுகை படிப்படியாக இறங்கி என் பக்கத்தில் வரும்வரை நான் நகரவில்லை. அவள் என்னை முறைத்துக்கொண்டே தெருவுக்குப் போனாள்.

தெருவில் ஏற்கெனவே அத்தையும் அவனும் நின்றிருந்தார்கள். விசில் சார் கடைசியாக வந்தார். கையில் ஒரே ஒரு கோப்பை. எதற்கு அதை மட்டும் எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் மேடம் ஆட்களோடு வந்தார். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவு முறுக்கி முட்டுக் கொடுக்க வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் மறு பக்கம் தள்ளும் என்றார். அதனால் நான் ஒரு வீட்டிலும் அவர் ஒரு வீட்டிலுமாக நின்று, சுவர் வழியாகவே பேசிக்கொண்டு, அரை அரைச் சுற்றாக முறுக்கச் சொன்னோம்.  இரண்டு அலமாரிகளையும் சேர்த்து அடைத்துக் கட்ட வேண்டும், காய்கிற வரை மாடிக்குப் போகக்கூடாது, செலவு சுவர்க்காரருடையது என்று மேடம் சொல்லிவிட்டு, சுவர் யாருடையது என்று கேட்டார்.

விசில் சார் டெய்லரைக் காட்டினார். டெய்லர் விசில் சாரைக் காட்டினார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நேரத்தில் சிரித்தது அவர் ஒருவர்தான். அலமாரிக்காக நான் சுவரைக் குடைந்தபோது உங்களுக்குச் சத்தம் கேட்கவில்லையா என்று விசில் சார் டெய்லரைக் கேட்டாராம். கேட்டது, நீங்கள் வேண்டுமென்றே சத்தம் போடுகிறீர்கள் என்று நினைத்து நானும் மிஷினை வேகமாக ஓட்டினேன் என்றாராம் டெய்லர். இது பிறகு அவன் சொல்லித் தெரிந்தது.

என்னிடம் விசில் சார் எதுவும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று என் வீட்டுக்குப் போனும் வரவில்லை. வரச் சொல்லியும் வரவில்லை. நானாகக் கேட்கத் தைரியமில்லை. அவனைக் கேட்டால் அப்பா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்றான். போவதா வேண்டாமா என்று என் அம்மா வீட்டில் நச்சரித்தார். கடைசியில் வேன் சொன்னபடி வந்து நின்றது, ஏறினோம்.

முன்னறை முழுக்க இரும்பு முட்டுகள், காட்டுக்குள் போகிற மாதிரி. அவற்றுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் நாற்காலிகள். அப்பாவின் தங்கைகள் குனிந்தும் ஒதுங்கியும் உள்ளே வந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட வீட்டிலா பெண்ணைக் கொடுப்பது என்று சின்ன அத்தை கேட்பது எல்லோருக்கும் கேட்டது. விசில் சாருக்கும் கேட்டது. அவர் காதோரம் சிவந்தது. இந்த வீட்டைக் காட்டத்தானே அவர் இத்தனை மாதம் காத்திருந்தார்.

வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று அப்பா மரியாதையாகக் கேட்டார்.  இனி அவர் சொல்லப்போகிற ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது.

விசில் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு குறை கண்டுபிடிக்கிறவ. இதை ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடுறேன். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் சேந்து ரெண்டு குடும்பத்தையும் கொல்லப் பாத்தோம். அவ வந்து தடுத்தா." அடைத்த அலமாரியைக் கை காட்டினார். "இந்தச் சுவர் காயணும். காஞ்சதும் தேதி பாக்கலாம். உங்களுக்குச் சம்மதமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா என்று எனக்கே தெரியாது. ஆட்டினேன் என்று அக்கா சொல்கிறாள், வேகமாக ஆட்டினேனாம். சின்ன அத்தை வீட்டைப் பற்றிச் சொன்னதை விழுங்கிக்கொண்டு பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்க ஆரம்பித்தார். டெய்லர் வாசலில் வந்து நின்று, தன் வீட்டு நாற்காலிகளும் வேண்டுமா என்று கேட்டார். விசில் சார் வேண்டாம் என்றார், பிறகு, நீ உட்கார ஒன்றை எடுத்துக்கொண்டு வா என்றார்.

எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவன் எதிரில் ஒரு முட்டுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. சிரிப்புச் சத்தம் எழும்போதெல்லாம் என் கண் மேல்நோக்கிப் போய், உத்திரத்தின் நுனியைத் தொட்டுவிட்டு, அலமாரிக்குள் ஈரமாக இருந்த புதுச் செங்கற்களில் இறங்கியது. அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"சுவரைப் பாத்தது போதும். அவனைப் பாரு, பாவம்."

பார்த்தேன். ஆனால் காது மட்டும் அந்தச் சுவரிடமே இருந்தது.